சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்

கிழக்கு லண்டனிலிருந்து ஒரு சகோதரி எழுதிய ஆறு பக்கக் கடிதம் இது. யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொகைகளையும் தேதிகளையும் மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். பதில் அவற்றுக்குள்தான் இருக்கிறது.

கணவர் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. இவர் பள்ளிச் சமையற்கூடத்தில் பகுதி நேரம். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு 15 வயது, வரும் அக்டோபரில் 16 முடிகிறது, அடுத்த கோடையில் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வு. இளையவளுக்கு 8. நால்வரும் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்கள். 2021 செப்டம்பரிலிருந்து இரண்டு படுக்கையறை வீடொன்றில் 1,650 பவுண் வாடகைக்கு இருக்கிறார்கள். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் வாடகைக்கென்று 1,400 பவுண் கணக்கிடப்படுகிறது. மீதியைச் சம்பளத்திலிருந்து போட்டு இதுவரை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி வந்திருக்கிறார்கள். எட்டு மாதங்களாகக் கணவரின் தம்பியும் முன்னறையில் படுத்துக்கொள்கிறார். இதை எங்கும் தெரிவிக்கவில்லை.

வீட்டுக்காரர் தமிழர், ஒரே கோயிலுக்குப் போகிறவர். மார்ச் மாதம் வாடகையை 2,100 ஆக்கப்போவதாகவும், கூடுதல் 450 பவுணைக் கையில் காசாகத் தரும்படியும் சொன்னார். முடியாது என்றதும் ஏப்ரல் 24ஆம் தேதி, காரணம் சொல்லாமல் வெளியேறச் சொல்லும் 'செக்ஷன் 21' நோட்டீஸ் கொடுத்தார். ஜூன் 30க்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டுமாம். கூடவே ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறார்: "நான் வெளியேற்றிவிட்டதாகக் கடிதம் தருகிறேன். பெட்டி படுக்கையோடு கவுன்சிலில் போய் நில்லுங்கள், வீடு தந்துவிடுவார்கள். நீதிமன்றம், வழக்கு என்று போய் நம் ஆட்களுக்குள் மனக்கசப்பு வேண்டாம்."

சகோதரி கேட்பவை நான்கு. சொன்ன தேதியில் மரியாதையாகப் போய்விடுவதா? சீட்டுப் பணத்தை எடுத்து ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்து வேறு வீடு பிடிப்பதா? லெஸ்டரில் இருக்கும் அக்கா வீட்டுப் பக்கம் குடிபெயர்வதா? கவுன்சில் என்ற உள்ளூராட்சி சபைக்குப் போனால் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், நீங்கள் இரவில் தூங்காமலிருப்பது அதனால்தான் என்று எழுதியிருப்பதால். வீடு இல்லை என்பதற்காக இந்த நாட்டில் யாரும் உங்கள் பிள்ளைகளை உங்களிடமிருந்து பிரிக்க மாட்டார்கள். பிள்ளைகள் இருப்பதால்தான் சட்டம் உங்களை முன்னுரிமைக் குடும்பமாக நடத்துகிறது. தனியாள் ஒருவருக்குக் கிடைக்காத தற்காலிக இடம் உங்களுக்குக் கிடைப்பது அவர்களால்தான். இந்த அச்சத்தினால் கவுன்சில் படியேறாமல் உறவினர் வீட்டு வரவேற்பறைகளில் மாதக்கணக்கில் சுருண்டு கிடந்த குடும்பங்களை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வந்து சேரும்போது உதவக்கூடிய காலம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: ஜூன் 30ஆம் தேதி நீங்கள் எங்கும் போகக்கூடாது. நோட்டீஸில் உள்ள தேதி, வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய முதல் நாளைத்தான் குறிக்கிறது. நீங்கள் வெளியேற வேண்டிய நாள் என்று நம் மக்களில் பெரும்பாலோர் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்களைச் சட்டப்படி வெளியே அனுப்பக்கூடியவர்கள் நீதிமன்ற உத்தரவோடு வரும் பெய்லிஃப்கள் எனப்படும் அமலாக்க அலுவலர்கள் மட்டுமே. வீட்டுக்காரர் தானே வந்து பூட்டை மாற்றினால் அது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும்.

அந்த நோட்டீஸ் செல்லுமா?

உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், வேறெதையோ சொல்லும்போது இடையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "வீட்டுக்கு வரும்போது 1,650 பவுண் அட்வான்ஸ் காசாகக் கொடுத்தோம், ஒரு துண்டுக் கடதாசியில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்." சகோதரி, ஆறு பக்கங்களிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான்.

இங்கிலாந்தில் வாடகை முன்பணத்தை வீட்டுக்காரர் தன் பையில் வைத்துக்கொள்ள முடியாது. பெற்ற 30 நாட்களுக்குள், அரசு ஒப்புதல் பெற்ற மூன்று திட்டங்களில் ஒன்றில் அதைப் பாதுகாக்க வேண்டும். எங்கே வைத்திருக்கிறார் என்ற விவரத்தையும் உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். டெபாசிட் புரொடெக்ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் என்பவை அந்த மூன்று. அவற்றின் இணையதளங்களில் உங்கள் அஞ்சல் குறியீட்டையும் பெயரையும் கொடுத்து இன்று இரவே தேடிப்பாருங்கள். பணம் பாதுகாக்கப்படவும் இல்லை, நோட்டீஸுக்கு முன் திருப்பித் தரப்படவும் இல்லை என்றால், அந்த செக்ஷன் 21 நோட்டீஸ் செல்லாது.

செல்லாத நோட்டீஸ் என்றால் வழக்கமாக நான் இவ்வளவு மகிழ மாட்டேன். பழைய நாட்களில் வீட்டுக்காரர் தவறைத் திருத்திக்கொண்டு இரண்டு மாதத்தில் புதிய நோட்டீஸை நீட்டிவிடுவார். இம்முறை அது நடக்காது. 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் வெளியேற்றும் செக்ஷன் 21 ஒழிந்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் ஏப்ரல் 24ஆம் தேதி அவசர அவசரமாக நோட்டீஸ் கொடுத்ததற்குக் காரணமும் அதுவே. கதவு மூடுவதற்குள் காலை உள்ளே வைக்கப் பார்த்திருக்கிறார். அந்த நோட்டீஸ் செல்லாதென்றால் இன்னொன்று கொடுக்க அவருக்கு வழியே இல்லை. இனி அவர் சட்டம் ஏற்கும் ஒரு காரணத்தைச் சொல்லித்தான் வர வேண்டும். வீட்டை விற்கப்போகிறேன் என்பது அப்படி ஒரு காரணம். அதற்கு நான்கு மாத அவகாசம் தர வேண்டும். "2,100 தரும் வேறு ஆள் கிடைத்துவிட்டார்" என்பது காரணமாகாது.

நோட்டீஸ் செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கெடு இருக்கிறது. மே 1க்கு முன் கொடுக்கப்பட்ட இத்தகைய நோட்டீஸ்களை வைத்து, அதிகபட்சம் 2026 ஜூலை 31க்குள் வழக்குப் போட்டாக வேண்டும். ஜூன் 30 வரை அவரால் போக முடியாது. ஜூலை 31க்குப் பின்னும் முடியாது. அவருக்கு இருப்பது ஒரே ஒரு மாதம். நீங்கள் ஜூன் 30ஆம் தேதி சாவியைக் கொடுத்தால் அந்த மாதத்தையும் அவருக்கு மிச்சப்படுத்திக் கொடுக்கிறீர்கள்.

நோட்டீஸைப் பலவீனமாக்கும் வேறு சிலவும் உண்டு. எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழ், எரிசக்திச் சான்றிதழ், வாடகைதாரருக்கான அரசுக் கையேடு ஆகியவை உங்களுக்குத் தரப்பட்டனவா? உங்கள் பகுதியில் வாடகை வீட்டுக்குக் கவுன்சில் உரிமம் கட்டாயமா? கிழக்கு லண்டனில் பல இடங்களில் கட்டாயம். நியூஹாம் 2013லேயே இதைத் தொடங்கிவிட்டது. உரிமம் பெற்ற வீடுகளின் பட்டியல் கவுன்சில் இணையதளங்களில் பொதுவில் இருக்கும். உங்கள் வீடு அதில் இல்லையென்றால் நோட்டீஸ் அந்த ஒரு காரணத்துக்காகவே விழுந்துவிடலாம்.

முன்பணத்தைப் பாதுகாக்காத குற்றத்துக்கு, அந்தத் தொகையின் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை உங்களுக்குத் தரும்படி நீதிமன்றம் அவருக்கு உத்தரவிடலாம். இதை இப்போதே கையில் எடுத்து வீசச் சொல்லவில்லை. உங்களிடம் இது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் துண்டுக் கடதாசியைப் படமெடுத்து மூன்று இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். நோட்டீஸ் செல்லும் என்று நீதிமன்றம் தீர்மானித்தால் வழக்குச் செலவில் சில நூறு பவுண்களை நீங்கள் கட்ட நேரலாம். வெளியேற வழக்கமாக 14 நாட்கள் தருவார்கள். மிகுந்த இடர் இருப்பதாகக் காட்டினால் 42 நாட்கள் வரை நீட்டலாம். மனக்கசப்பும் வரத்தான் செய்யும். ஆனால் அதைத் தொடங்கியவர் நீங்கள் இல்லை.

அந்த 450 பவுணைக் கொடுக்காதீர்கள்

பாதியையாவது கொடுத்துச் சமாதானமாகலாம் என்று கணவர் நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உயர்ந்த வாடகையை ஒருமுறை கட்டினால் அதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். கையில் கொடுத்தால் கட்டியதற்குச் சான்றும் இருக்காது. வாடகையை உயர்த்த அவருக்குச் சட்டப்படி ஒரு படிவமும் முறையும் உண்டு. அந்தப் படிவம் வந்தால், உயர்வு நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்பே தீர்ப்பாயத்தில் முறையிடலாம். உங்களுக்கு எந்த விதி, எத்தனை மாத அவகாசம் என்பது இந்த நோட்டீஸ் செல்லுமா செல்லாதா என்பதைப் பொறுத்து மாறும் என்பதால், படிவம் கைக்கு வந்த அன்றே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அதுவரை 1,650ஐ மாதா மாதம் வங்கி வழியாக, தேதி தவறாமல் அனுப்புங்கள். ஒரு மாத நிலுவைகூட வேண்டாம். நிலுவையே அவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சுலபமான காரணம்.

1,400 எங்கிருந்து வந்தது

"நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்வதால் குறைத்துத் தருகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 1,400 உங்கள் சம்பளத்தைப் பார்த்துக் கணக்கிடப்பட்டதில்லை. சம்பளத்துக்கான கழிவு தனியாக, மொத்த யூனிவர்சல் கிரெடிட்டிலிருந்து போகிறது. இந்த 1,400 என்பது 'லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்' எனப்படும் உச்சவரம்பு. உங்கள் பகுதியில் இரண்டு படுக்கையறைக்கு இதற்கு மேல் ஒரு பெனியும் தர மாட்டோம் என்பது அதன் பொருள்.

இந்த வரம்பின் கதை ஒவ்வொரு வாடகைதாரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2008இல் இதை நாடு முழுவதும் கொண்டுவந்தபோது, பகுதியிலுள்ள வாடகைகளை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்கும் வாடகையை வரம்பாக வைத்தார்கள். அதாவது வீடுகளில் பாதி உங்கள் கைக்கு எட்டும். 2011இல் அதை முப்பதாவது சதவீதத்துக்கு இறக்கினார்கள்; பத்தில் மூன்று வீடுகள் மட்டும். பின் வாடகையோடு இருந்த தொடர்பையே அறுத்தார்கள். 2016இலிருந்து நான்கு ஆண்டுகள் தொகை அசையவே இல்லை. கொரோனா வந்த 2020இல் மீண்டும் முப்பதாவது சதவீதத்துக்கு ஏற்றி, உடனே மறுபடி உறைய வைத்தார்கள். 2024 ஏப்ரலில் ஒருமுறை ஏற்றினார்கள். 2025இல் மீண்டும் உறைபனி. வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, உதவித்தொகை உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கில் விழும் 250 பவுண் பள்ளம் உங்கள் சமையலறையில் யாரோ அதிகமாகச் செலவழித்ததால் வந்ததில்லை.

இந்தப் பள்ளத்தைப் பற்றி உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. சாமுவேல்ஸ் எதிர் பர்மிங்காம் மாநகர சபை என்ற 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு அது. நான்கு பிள்ளைகளின் தாய் ஒருவருக்கு வாடகை 700 பவுண், கிடைத்த வீட்டு உதவி 548.51 பவுண். மாதம் 151.49 பவுணை மற்ற உதவித்தொகைகளிலிருந்து இழுத்துப் போட்டிருக்கலாமே, போடாததால் அவரே வீட்டை இழந்தார் என்றது சபை. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் உடைக்குமான பணத்தை வாடகைக்கான உபரியாகக் கருதக்கூடாது என்பதே அதன் சாரம். உங்களிடம் யாராவது "சிக்கனமாக இருந்திருக்கலாமே" என்றால் இந்த வழக்கின் பெயரைச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னதும் பேச்சின் தொனி மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி கணவரின் தம்பி. அவரைச் சொன்னால் உதவி நின்றுவிடும் என்று ஒளித்து வைத்திருக்கிறீர்கள். கணக்கைப் பார்ப்போம். உங்கள் வீட்டில் வழக்கமாக வசிக்கும் வயது வந்த ஒருவருக்குத் தனி அறை ஒன்று கணக்கில் சேரும். உங்கள் வரம்பு இரண்டு அறையிலிருந்து மூன்று அறைக்கு ஏறும். அவருக்கு 21 வயது நிறைந்திருந்தால் அவர் பங்கென்று மாதம் 90 பவுணுக்குச் சற்று மேல் கழிப்பார்கள். உங்கள் பகுதியின் மூன்று அறை வரம்பு 1,650ஐத் தாண்டினால் உங்கள் உண்மையான வாடகை முழுவதும் கணக்கில் வரும். 90 சொச்சத்தைக் கழித்தாலும் இப்போதைய 1,400ஐவிட ஏறக்குறைய 150 பவுண் அதிகம். எட்டு மாதமாகப் பயந்து பயந்து, கிடைத்திருக்கக்கூடிய பணத்தைத்தான் விட்டிருக்கிறீர்கள். தாமதமாகச் சொன்னால் பழைய மாதங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. இனியும் தாமதிக்க வேண்டாம். மறைப்பது தெரியவந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும். சொல்வதற்கு முன் உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் கூடுதல் ஆள் தங்குவது பற்றி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி நாளை வேறிடம் போனாலும் அக்டோபரில் ஒரு மாற்றம் வருகிறது. ஒரே பாலினப் பிள்ளைகள் இருவர் 16 வயது வரை ஓர் அறையைப் பகிர வேண்டும் என்பது விதி. மூத்தவளுக்கு 16 முடியும்போது அவளுக்குத் தனி அறை கணக்காகும். அந்த மாதம் யூனிவர்சல் கிரெடிட் கணக்கைக் கட்டாயம் சரிபாருங்கள். புதிய வீடு தேடுவதானாலும் இதை மனத்தில் வைத்தே தேட வேண்டும்.

கணவரின் வேலை நேரம் குறையலாம் என்கிறீர்கள். லண்டனில் ஒரு குடும்பத்துக்கு உதவித்தொகை மொத்தம் ஆண்டுக்கு 25,323 பவுணுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு மூடி இருக்கிறது. வாரம் 16 மணி நேரம் குறைந்தபட்சக் கூலியில் உழைத்தால் வரும் அளவு நீங்கள் இருவரும் சேர்ந்து சம்பாதிக்கும்வரை அந்த மூடி உங்கள் மேல் விழாது. அதற்குக் கீழே போக விடாதீர்கள்.

மீதமிருக்கும் பற்றாக்குறைக்குக் கவுன்சிலிடம் தற்காலிக உதவி கேட்கலாம். நெடுநாள் 'டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமெண்ட்' என்ற பெயரில் இருந்தது, 2026 ஏப்ரலிலிருந்து 'கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட்' என்ற நிதிக்குள் போயிருக்கிறது. கேட்டால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை என்பது மட்டும் உறுதி.

கவுன்சிலுக்கு எப்போது போவது

"தெருவுக்கு வந்த பிறகுதான் போக முடியும்" என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்றீர்கள். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டம் அதைத் தலைகீழாக மாற்றிவிட்டது. 56 நாட்களுக்குள் வீடு இழக்கும் நிலை என்றால் அதைத் தடுக்க உதவுவது கவுன்சிலின் கடமை. ஜூன் 30லிருந்து பின்னோக்கி எண்ணினால் அந்த 56 நாள் மே 5ஆம் தேதியே தொடங்கிவிட்டது. எனவே இந்த வாரமே விண்ணப்பியுங்கள். மின்னஞ்சலில் செய்யுங்கள், எழுத்தில் இருக்கும். நோட்டீஸ், ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, யூனிவர்சல் கிரெடிட் விவரம், முன்பணத் துண்டு எல்லாவற்றின் படத்தையும் இணையுங்கள். உங்களுக்கென ஒரு திட்டத்தை அவர்கள் எழுத்தில் தர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். அவள் தலையில் பரீட்சை மட்டும் இருக்கட்டும்.

"பெய்லிஃப் வரும்வரை அங்கேயே இருங்கள்" என்று அதிகாரி சொல்லக்கூடும். நீதிமன்றம் குறித்த வெளியேறும் தேதிக்குப் பிறகும் ஒரு குடும்பத்தை அங்கே இருக்கச் சொல்வது பெரும்பாலும் நியாயமாகாது என்று அரசின் வழிகாட்டியே சொல்கிறது. அந்தக் கட்டம் வந்தால் முடிவை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுத்தில் வந்த பெரும்பாலான முடிவுகளை 21 நாட்களுக்குள் மறுபரிசீலனைக்கு அனுப்பலாம்.

வீட்டுக்காரரின் 'யோசனை' எவ்வளவு ஆபத்தானது என்பது இப்போது புரியும். நீதிமன்றம் போகாமல் அவர் கடிதத்தை வைத்துக்கொண்டு நீங்களாக வெளியேறினால், "இருக்க முடிந்த வீட்டைத் தாமாகவே விட்டவர்" என்று கவுன்சில் முடிவெடுக்க இடம் கொடுக்கிறீர்கள். அந்த முத்திரை விழுந்தால் நீண்டகால வீட்டுக் கடமையே போய்விடும். இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்தது என்று தெரிந்தால் சட்டம் இன்னும் கடுமை. அவருக்கு வேண்டியது 2,100 தரும் ஆள். கடிதம் எழுத அவருக்கு ஐந்து நிமிடம். அதன் விளைவோடு வருடக்கணக்கில் இருக்கப்போவது நீங்கள்.

கவுன்சில் வீடு என்ற கனவையும் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். கடமையை ஏற்றாலும் முதலில் கிடைப்பது தற்காலிக இடம். 2025 நடுப்பகுதியில் இங்கிலாந்தில் அப்படி இருந்தவை 1,30,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள், அவற்றில் சுமார் 1,70,000 பிள்ளைகள். ஒரே அறையில் குடும்பம் முழுவதும், வேறொரு பேட்டையில், பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில்கூடக் கிடைக்கலாம். சமையலறையைப் பகிரும் பி அண்ட் பி விடுதியில் பிள்ளைகள் உள்ள குடும்பத்தை ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது சட்டம். அது மீறப்படுவதும் உண்மை. கவுன்சில்களின் நிலையும் பரிதாபம்தான். தற்காலிக இடத்துக்கு மத்திய அரசு அவர்களுக்குத் திருப்பித் தரும் பணம் 2011 ஜனவரி வாடகை வரம்பின் 90 சதவீதத்தில் நின்றுவிட்டது. பதினைந்து ஆண்டு பழைய விலையில் இன்றைய அறையை வாங்கச் சொல்கிறார்கள். இதனால்தான் இருக்கும் வீட்டைக் காப்பாற்றுவதையே முதல் வேலையாக வைக்கச் சொல்கிறேன்.

சீட்டுப் பணமும் லெஸ்டரும்

சீட்டை அவசரத்துக்குக் கழிவு கொடுத்து எடுத்து, ஆறு மாத வாடகையைக் கொட்டி வீடு பிடிப்பது நம்மவர்கள் பலர் செய்து வந்ததுதான். மே 1 முதல் புதிய வாடகை ஒப்பந்தங்களில் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை வாங்கக்கூடாது. விளம்பரத்தில் போட்ட தொகைக்கு மேல் ஏலம் கேட்கவும் கூடாது. முன்பணமும், ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குள் இருக்கும் வீடுகளுக்கு, ஐந்து வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. யாராவது ஆறு மாதம் கேட்டால் அவரே சட்டத்தை மீறுகிறார். "பெனிஃபிட் எடுப்பவர்களுக்கு இல்லை", "பிள்ளைகள் வேண்டாம்" என்பதும் இப்போது தடை. நடைமுறையில் வேறு சாக்குச் சொல்லி மறுப்பார்கள், மறுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் சீட்டைத் தொடாதீர்கள். அந்தப் பணம் உங்களுக்குக் கடைசிக் கயிறு.

லெஸ்டரைப் பற்றி நான் முடிவு சொல்ல மாட்டேன். அங்கே வாடகை குறைவு, ஆனால் வரம்பும் குறைவு. பள்ளம் சிறிதாகலாம், மறைந்துவிடாது. அக்கா அருகில் இருப்பது பெரிய பலம். மறுபக்கம், இரண்டு வேலைகளையும் விட்டுவிட்டுப் போய் அங்கே வேலை கிடைக்கும்வரை மேலே சொன்ன மூடியைப் பற்றிய கவலையும் சேரும். மூத்தவள் ஜிசிஎஸ்இ படிப்பின் நடுவில் இருக்கிறாள். பள்ளி மாறினால் பாடத்திட்டமே மாறக்கூடும். போவதென்றால் அடுத்த கோடைக்குப் பின், நீங்கள் தேர்ந்தெடுத்த நாளில் போங்கள். கவுன்சில் உங்களைத் தொலைவில் வைக்க முயன்றாலும் இந்தப் பரீட்சையை எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். பிள்ளையின் கல்விக்கு ஏற்படும் இடையூறைக் கணக்கில் எடுக்க வேண்டியது அவர்கள் கடமை.

பணம் கட்டி வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று தயங்கியிருக்கிறீர்கள். 2023 ஆகஸ்டிலிருந்து, வீடு இழக்கும் ஆபத்து இருப்பதாகக் காட்டும் கடிதம் எதையாவது பெற்ற எவருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. 'ஹவுசிங் லாஸ் பிரிவென்ஷன் அட்வைஸ் சர்வீஸ்' என்று அதற்குப் பெயர். அரசின் சட்ட உதவி இணையப் பக்கத்தில் உங்கள் பகுதியில் அதைத் தரும் அலுவலகம் தெரியும். உங்கள் கையிலிருக்கும் ஏப்ரல் 24ஆம் தேதி நோட்டீஸே அதற்குப் போதும். நீதிமன்றத்திலிருந்து உறை வந்தால் அதில் குறித்த நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் 14 நாட்கள். உறையைப் பிரிக்காமல் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். கோயிலில் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், வீட்டைப் பற்றி அங்கே பேசாதீர்கள். கைபேசியில் இப்படி ஒரு செய்தி போதும்: "அண்ணா, நோட்டீஸ் கிடைத்தது. சட்ட ஆலோசனை பெற்றுக்கொண்டிருக்கிறோம். வாடகை 1,650 வழக்கம்போல் வங்கியில் வரும். இனி வீடு சம்பந்தமான எல்லாவற்றையும் எழுத்திலேயே அனுப்புங்கள்." முன்பணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம். அதை முதலில் சட்டத்தரணி பார்க்கட்டும். மூன்று இணையதளங்களிலும் தேடியதும் என்ன கிடைத்தது என்று, துண்டில் உள்ள தேதியோடு, எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.